கணக்குக் காட்டாத மதிப்பீடுகள்

'தரமில்லை' என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். எங்கே இல்லை, எவ்வளவு இல்லை, எதனால் இல்லை என்று சொல்லத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு நம்மிடையே அருகிப்போய் வெகுகாலமாகிறது. கவிதை விஷயத்தில் இது பழைய வியாதி. இப்போது வீடியோ விஷயத்திலும் தொற்றியிருக்கிறது என்பதை அண்மையில் காஞ்சிபுரத்தில் ஒரு சிறு திரையிடலில் நேரில் பார்த்தேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரத விழாவில் ஆடிய கர்ண மோட்சம் கூத்தின் பதிவு அது. எடுத்தவன் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீராட்டு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிற இளைஞன். அவனிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் காமிரா ஒன்று. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை நின்று எடுத்திருக்கிறான். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைப் பொறுக்கிப் போட்டுக் காட்டினார்கள். கூத்துப் பதிவுகளின் தொகுப்பு ஒன்றில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். முப்பது பேர் இருந்தோம்.

ஒரு நண்பர் படம் தொடங்குவதற்கு முன்பே காமிராவின் மாடலைக் கேட்டுத் தெரிந்து, நோட்டில் குறித்துக்கொண்டார். அதோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது. படம் முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார்: இது ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் வீடியோ, 4கே கூட இல்லை, இந்தத் தரத்தில் ஒன்றைத் தொகுப்பில் வைத்தால் மற்றவற்றுக்கும் மதிப்புப் போய்விடும். இன்னொரு நண்பர் கொதித்து எழுந்தார். காமிராவா முக்கியம்? கலைஞனின் ஆத்மா அல்லவா முக்கியம்? பிக்ஸலை எண்ணுகிறவனுக்குக் கூத்து எப்படிப் புரியும்? கைதட்டல் இவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் முடிவு முதலாமவர் பக்கம் போயிற்று. எண்ணைச் சொல்கிறவரிடம் எண்ணாவது இருக்கிறது. ஆத்மாவைச் சொல்கிறவரிடம் ஆத்மா என்ற சொல்தான் இருக்கிறது. பதிவு நிராகரிக்கப்பட்டது.

நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. என்னுடைய புகார் இருவர் பேரிலும்தான். ஒருவர் காமிராவின் பெயரைப் பார்த்தார். மற்றவர் கர்ணனின் பெயரைப் பார்த்தார். திரையில் இருந்ததை இருவருமே பார்க்கவில்லை.

*

இந்தக் காமிராக்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. போட்டோ எடுப்பதற்கென்றே இருந்த டிஎஸ்எல்ஆரில் வீடியோ முதன்முதலில் 2008இல் நிக்கான் டி90இல் வந்தது. அதே வருஷம் கேனான் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோவுடன் வந்தது. பெரிய சென்ஸார், மாற்றிக்கொள்ளக்கூடிய லென்ஸ், பின்னணியைக் கரைத்துவிட்டு முகத்தை மட்டும் நிறுத்துகிற அந்த ஆழம், இவையெல்லாம் அதுவரை சினிமாக் காமிராவை வாடகைக்கு எடுப்பவனுக்கு மட்டுமே சாத்தியமாக இருந்தவை. இரண்டு மூன்று வருஷங்களில் 550டி, 600டி, டி3100 என்று மலிவான மாடல்களுக்கும் அது இறங்கி வந்துவிட்டது.

தமிழில் இதன் விளைவு என்ன என்று யாரும் முறையாக எழுதவில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த தலைமுறையின் கையில் இருந்தவை பெரும்பாலும் இந்தக் காமிராக்கள்தாம். 2012இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனான் 7டியில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு விஜய் மில்டன். 7டியும் ஆரம்ப நிலை 550டியும் வீடியோ விஷயத்தில் ஏறக்குறைய ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நம் பிக்ஸல் நண்பரும் ஒருவர். அதற்குச் சாட்சி நானே. அப்போது அவர் பிக்ஸலை எண்ணவில்லை, காமிரா எதுவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதால்.

இன்று இந்த ஜாதிக் காமிராவின் காலம் முடிந்துவிட்டது. கம்பெனிகள் கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டன. பழைய உடல்கள் கைமாறிக் கைமாறிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நகரம் கழித்ததை வைத்துக்கொண்டு கிராமம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. அப்படிப் பதிவானதை, நகரம் கழித்த காமிராவில் எடுத்தது என்று காரணம் காட்டி நகரம் மறுபடியும் கழிக்கிறது. இதில் இருக்கும் அநியாயம் யாருக்காவது உறைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.

*

சரி, எண்ணையே எடுத்துக்கொள்வோம். எண்ணை நம்புகிறவர் எண்ணையாவது சரியாகப் பார்த்தாரா?

600டியின் சென்ஸாரில் குறுக்கே 5184 புள்ளி, நெடுக்கே 3456 புள்ளி. மொத்தம் 18 மெகாபிக்ஸல். போட்டோவுக்கு இத்தனையும் உதவும். வீடியோ என்றால் விநாடிக்கு 25 முறை இத்தனையையும் படித்து முடிக்க அதன் மூளைக்கு வேகம் போதாது. ஆகவே அது வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிறது. மூன்று வரிக்கு ஒரு வரி. அப்படிப் படித்தால் கிடைக்கிற அகலம் 1728 புள்ளிதான்; அகலத்திரைக்கு வெட்டினால் உயரம் 972. இதை நீட்டி 1920க்கு 1080 என்ற சட்டத்துக்குள் அடைத்து 'முழு எச்டி' என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். 1080 என்பது பாத்திரத்தின் அளவு. அதில் உள்ள பாலின் அளவு அல்ல.

தாண்டிய வரிகளில் இருந்தது என்னவாயிற்று? அது காணாமல் மட்டும் போகவில்லை. பொய்யாகத் திரும்பி வருகிறது. நெருக்கமான கோடுகள் உள்ள எதைக் காட்டினாலும் அதன் மேல் இல்லாத அலைகள் நெளியும், இல்லாத நிறங்கள் ஓடும். மோரே என்று சொல்வார்கள். காஞ்சிபுரத்துக் கல்யாண வீடியோக்காரன் ஒவ்வொருவனுக்கும் இது தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். பொடிக்கட்டம் போட்ட பட்டுப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தியம்மாளின் மேல் வானவில் நெளிந்தால், அவன் இரண்டடி முன்னே போவான், அல்லது அந்தப் புடவை கூர்மையாக விழாதபடி ஃபோகஸை நகர்த்துவான். தறியின் கணக்கும் சென்ஸாரின் கணக்கும் மோதுகிற இடம் அது.

இன்னும் இருக்கிறது. நிறத்தைப் பற்றிய தகவலை இது நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற வீதத்தில்தான் எழுதி வைக்கிறது. ஆகவே கடும் சிவப்பின் ஓரம் படிக்கட்டாக உடையும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். ஆகவே இருட்டைப் பிறகு வெளிச்சமாக்க முயன்றால் பட்டை பட்டையாகப் பிளக்கும். ஒரு சட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருவதால், காமிராவைச் சட்டென்று திருப்பினால் பந்தல்கால் சாய்ந்து நிற்கும்.

இவையெல்லாம் உண்மையான குறைகள். நான் மறைக்கவில்லை. ஆனால் பிக்ஸல் நண்பர் இவற்றில் ஒன்றையாவது சொன்னாரா? '4கே இல்லை' என்றார். 4கே என்பதும் ஒரு பாத்திரத்தின் அளவுதான். அதற்குள்ளும் தண்ணீர் ஊற்றலாம். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைப் படிப்பது எழுத்தறிவு. அதை விமர்சனம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

*

ஆத்மா நண்பரிடம் வருகிறேன். அவர் கட்சிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரு சோதனை உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஸகூட்டோ என்ற நிறுவனத்தார் ஐபோனிலிருந்து ஆரி அலெக்ஸா வரை ஒன்பது காமிராக்களில் ஒரே காட்சியை எடுத்து, எது எந்தக் காமிரா என்று சொல்லாமல் திரையிட்டார்கள். விலையின் வரிசையும் பார்த்தவர்களுடைய விருப்பத்தின் வரிசையும் ஒன்றாக இருக்கவில்லை. உடனே 'பார்த்தீர்களா, காமிரா முக்கியமில்லை' என்று உலகம் முழுவதும் ஒரு கோஷம் கிளம்பிற்று.

அந்தச் சோதனை அதைச் சொல்லவில்லை. அதில் ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு தேர்ந்த ஒளிப்பதிவாளர் இருந்தார். தன் காமிராவின் பலவீனத்துக்குத் தக்கபடி விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு அனுமதி இருந்தது. மலிவான காமிராவை ஜெயிக்க வைத்தது அதன் குறைகளை அறிந்த ஒருவரின் உழைப்பு. குறைகளே இல்லை என்று நினைத்தவரின் பக்தி அல்ல. மேலும், கூத்துக்களத்தில் விளக்கை நகர்த்த யார் விடுவார்கள்? அங்கே விளக்கு ஊர்க்காரர் கட்டியது, களம் ஆடுகிறவனுடையது, வீடியோக்காரனுக்கு ஒரு மூலை. அந்த மூலையில் காமிரா நிச்சயமாக முக்கியம்தான்.

'காமிரா முக்கியமில்லை' என்பவர் தாராள மனசுக்காரர் மாதிரித் தோன்றுகிறார். உண்மையில் அவர் செய்வது ஒரு அவமரியாதை. எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்ற அந்தப் பையன் என்னென்ன கஷ்டத்துக்கு என்னென்ன வழி கண்டான் என்று பார்க்கவே அவர் மறுக்கிறார். நல்ல மனசோடு தலையில் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பாராட்டு என்பது பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சௌகரியமான வழி.

*

நான் அந்தப் பதிவை அவனிடம் கேட்டு வாங்கி மூன்று ராத்திரி பார்த்தேன். என்னுடைய கணக்கு இது.

முதலாவது, பல இடங்களில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்து போகின்றன. திரையிடலில் இதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். இது காமிராவின் குறை அல்ல. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கில் வைத்தால் பட்டை வராது. அறுபதில் ஒரு பங்கில் வைத்தால் வரும். காமிரா அமெரிக்க வழக்கப்படி 30 சட்டத்துக்கு அமைந்திருக்கிறது. மெனுவுக்குள் போய் 25க்கு மாற்றியிருக்க வேண்டும். இது அவன் பிழை. ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். 'தரமில்லை' என்று தள்ளியவர் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவருக்கும் தெரியாது.

இரண்டாவது, கர்ணனின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கில் பட்டு வெள்ளைப் பொட்டாக வெந்துபோகின்றன. அரிதாரத்தின் சிவப்பு ஓரங்களில் உடைகிறது. இவை காமிராவின் குறைகள். இவற்றைக் கழிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, இருட்டு. களத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் குறைப்பட்டார். ஆனால் கூத்தில் களத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியக் கூடாது. இருட்டிலிருந்து ஒருவன் வந்து நிற்கும்போதுதான் அவன் அரசனாகிறான். ராத்திரியைப் பகலாக்கிக் காட்டுகிற இன்றைய போன்களில் இதை எடுத்திருந்தால், பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியும் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்களும் ஸ்படிகமாகத் தெரிந்திருக்கும். கர்ணன் அவற்றுக்கு நடுவில் வேஷம் கட்டிய ஒரு ஆளாக நின்றிருப்பான். இந்தப் பழைய சென்ஸாரின் இயலாமை இங்கே கூத்துக்கு விசுவாசமாக அமைந்துவிட்டது. இதை அவன் திட்டமிட்டுச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் களத்தை விட்டுக் காமிராவை அவன் திருப்பவே இல்லை என்பது திட்டம்தான். பந்தல்கால் எங்கும் சாயவில்லை. ஆடுகிறவர் சுழலும் இடங்களில் காமிரா அசையாமல் நிற்கிறது. சுழற்சி முழுசாகக் கிடைக்கிறது. தன் காமிரா எதைச் செய்தால் பொய் சொல்லும் என்று தெரிந்தவன் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறான். இதற்குப் பெயர்தான் உருவப் பிரக்ஞை. நம் கவிஞர்களில் பலருக்கு இல்லாதது.

நான்காவது, சப்தம். வீடியோத் தரம் என்று பேசுகிறவர்கள் யாரும் காதைப் பயன்படுத்துவதில்லை. கூத்தில் பாதிக்கு மேல் பாட்டு. முகவீணை உச்சத்தில் எழும்போது காமிராவுக்குள் இருக்கிற தானியங்கி ஒலியளவு பயந்துபோய் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. முகவீணை ஓய்ந்ததும் மெல்ல மெல்லத் தூக்குகிறது. அந்த இடைவெளியில் பாடகரின் அடுத்த அடியினுடைய முதல் சொல் விழுங்கப்படுகிறது. ஒரு தடவை அல்ல, ராத்திரி முழுக்க. என் கணக்கில் இந்தப் பதிவின் பெரிய குறை இது. முப்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஐந்தாவதுதான் முக்கியம். கர்ணன் யுத்தத்துக்குப் புறப்படுகிறான், பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். கர்ண மோட்சத்தின் உயிர் இருக்கிற இடம். பொன்னுருவி பாடிக்கொண்டிருக்கிறாள். படம் ஒரு துள்ளுத் துள்ளுகிறது. கர்ணன் திரும்பி நிற்கிறான். திரையிடலில் இது யாரோ எடிட்டிங்கில் வெட்டியது என்று எல்லோரும் நினைத்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான கூத்துக்காரர் ஒருவர் மட்டும், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "இன்னா சார், பாட்டுல ரெண்டு அடி காணமே?"

அந்த ரெண்டு அடி எங்கே போயிற்று? அந்தப் பழைய மாடல்களில் ஒரு கோப்பு நான்கு ஜிபியைத் தொட்டதும் பதிவு தானாக நின்றுவிடும். நிமிஷத்துக்கு 330 எம்பி வீதம் கணக்குப் போட்டால் பன்னிரண்டு நிமிஷம். ராத்திரி முழுக்க அவன் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். கட்டியக்காரன் பேசுகிற இடமாகப் பார்த்து முன்கூட்டியே நிறுத்தி மறுபடி ஓடவிட்டுச் சமாளித்திருக்கிறான். நாற்பது துண்டுகளில் முப்பத்தேழு அப்படித்தான் சேர்கின்றன. விடியற்காலையில் கண் அசந்துபோயிருக்க வேண்டும். காமிரா பாட்டின் நடுவில் நின்றுவிட்டது. பிறகு வந்த மாடல்கள் அடுத்த கோப்பைத் தாமே திறந்துகொள்ளும். ஆனால் அவற்றிலும் முப்பது நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறைவாகவே ஓடும். அதற்கு மேல் ஓடினால் ஐரோப்பியச் சுங்கத்தில் அது வீடியோக் காமிரா ஆகிவிடும், வரி கூடும் என்பது அன்றைய கணக்கு. எங்கேயோ ஒரு சுங்கக்காரனின் நோட்டுக்கும் உத்திரமேரூர் பக்கத்தில் பொன்னுருவி பாடுகிற பாட்டுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது.

பிக்ஸல் போதவில்லை என்றவருக்கு அடி போனது தெரியவில்லை. ஆத்மாவைக் கண்டவருக்கும் தெரியவில்லை. இருவருக்கும் கர்ண மோட்சம் தெரியாது. தெரியாத ஒன்றின் நகல் சரியாக இருக்கிறதா என்று இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

*

நான் வேலை பார்க்கிற வங்கியில் நகைக்கடன் பிரிவில் தினமும் ஒரு காட்சி நடக்கிறது. ஒரு அம்மாள் நகையைக் கொண்டு வந்து வைக்கிறாள். "916 போட்டிருக்கு பாருங்க" என்கிறாள். அல்லது "எங்க மாமியாரோடது சார், அந்தக் காலத்துப் பவுனு" என்கிறாள். நகை மதிப்பீட்டாளர் இரண்டையும் கேட்டுக்கொள்வார், மறுப்பதில்லை. ஹால்மார்க் முத்திரை 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. இருந்தாலும் அவர் முத்திரையோடு நிற்பதில்லை. மாமியாரின் பேரிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. கல்லில் உரைப்பார். மொத்த எடை எழுதுவார். கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று கழிப்பார். நிகர எடை எழுதுவார். கையெழுத்துப் போடுவார். நாளை தப்பு என்று தெரிந்தால் அந்தக் கையெழுத்துத்தான் அவரைப் பிடிக்கும்.

மொத்த எடை, கழிவு, நிகர எடை, கையெழுத்து. விமர்சனத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. பிக்ஸல் நண்பர் முத்திரையைப் பார்த்தவர். ஆத்மா நண்பர் மாமியாரை நம்பியவர். உரைத்தவர் யார்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 வருஷத்தவை. குடவோலை என்று மந்திரிகளும் பிரதமர்களும் மேற்கோள் காட்டுவது இவற்றைத்தான். முப்பது குடும்புகள், குடத்தில் ஓலைச் சீட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் கையை விட்டு எடுப்பது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பொன் வாரியத்துக்கு ஆறு பேர் என்றும் அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஏரிக்குச் சமமாகப் பொன்னுக்கும் ஆள் வைத்த ஊர் இது.

அதை நான் புனிதப்படுத்த வரவில்லை. அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி, இவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். கூத்தாடுகிறவன் பெயர் அந்தக் குடத்துக்குள் என்றைக்கும் போயிருக்காது. அதைப் படம் எடுக்கிறவன் பெயரும்தான். யார் மதிப்பிடலாம் என்ற கேள்விக்கு அந்தச் சுவர் சொல்லும் பதில் நமக்கு உதவாது. ஆனால் மதிப்பிடுகிறவன் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு அது சொல்லும் ஒரு பதில் இன்றைக்கும் உதவும்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களும்.

இந்த ஒரு விதியைத் தமிழ் விமர்சனத்தில் அமல் செய்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். உறவுக்காரர்களையும் சேர்த்துத் தள்ளினால் பத்திரிகை நடத்தவே ஆள் இருக்காது.

*

வீடியோவைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியதிலிருந்து இங்கே நடந்துவருகிற சண்டையே இதுதானே. ரசனை போதும், சொல்லிவிட்டால் போதும் என்ற க.நா.சு.வும், இல்லை, அலசிக் காட்டவேண்டும் என்ற செல்லப்பாவும் எதிரெதிரே நின்றார்கள். எதிரெதிரே நின்றாலும் இருவரும் முதலில் படித்தார்கள். நாம் அவர்களிடமிருந்து அந்த முதல் காரியத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் வெளிநாட்டுக் கோட்பாட்டின் மாடல் எண்ணைக் கவிதையின் மேல் தேடுகிறவர்கள். மறு பக்கம் 'வாழ்க்கை இருக்கிறது' என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் ஆசீர்வதிக்கிறவர்கள். இவர்கள் காமிராவுக்கும் அதே தீர்ப்பைத்தான் சொல்வார்கள். வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

கூத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதற்கும் முன்பிருந்தே சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் கூத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக் கொண்டிருக்கிறோம். அரை நூற்றாண்டு ஆகிறது. இத்தனை வருஷத்தில் நம்மில் எத்தனை பேர் ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம்? பாட்டில் ரெண்டு அடி காணாமல் போனால் கண்டுபிடிக்கிற அளவுக்கு எத்தனை பேருக்கு ஒரு கூத்தாவது தெரியும்? எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் சொல்லியிராவிட்டால் நானும் எடிட்டிங் என்றே நினைத்திருப்பேன். என் கணக்கில் இதுவும் கழிவுதான், எழுதிவிடுகிறேன்.

அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். வருத்தப்படவில்லை. ஷட்டர் விஷயத்தை உடனே மெனுவில் மாற்றிக்கொண்டான். சப்தத்துக்குத் தனியாக ஒரு ரெக்கார்டரைப் பாட்டுக்காரர்கள் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடலாம் என்றேன். காமிரா நின்றாலும் பாட்டு நிற்காது. "இத அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றான். பிறகு, போன அந்த ரெண்டு அடி என்ன என்று கேட்டான். நான் பெரியவரிடம் அனுப்பினேன்.

என் தீர்ப்பு: மொத்தம் எட்டு மணி நேரம். ஒலி அமுங்கிய இடங்களையும், பட்டை ஓடுகிற பகுதிகளையும், பாட்டின் நடுவில் முறிந்த மூன்று இடங்களையும் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவது, ஒரு ராத்திரியை அதன் இருட்டோடும் சுழற்சியோடும் களத்தை விட்டு விலகாமல் பார்த்த ஒரு பார்வை. தொகுப்பில் வைக்கத் தக்கது. கழிவுகளையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். தப்பென்றால் காட்டுங்கள், ஆனால் உரைத்துக் காட்டுங்கள்.